ஒரு மணித்தியாலத் தூரம்

ஒரு மணித்தியாலம் என்று பொய் எழுதி வைத்து சிவபாலனைக் கம்பனிக்காரர் சாக விட்டார்கள். அவனுடைய இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நல்ல வார்த்தையாக நாலு வரி கேட்டார்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

செய்தி வந்தபோது அஜின்கோர்ட் பகுதியில் பல் வைத்தியரிடம் காத்திருந்தேன். தொலைபேசியில் அவன் மனைவி வசந்தி. அவள் அழவில்லை. "அண்ணை, பிளேன் வர முதலே இவர் போயிட்டாராம்" என்றாள்.

இங்கிருந்து வெகு வடக்கே, தெருவே போகாத ஒரு சுரங்க முகாமில் அவன் சமையற்காரன். மூன்று கிழமை அங்கே, மூன்று கிழமை இங்கே. முகாமுக்குச் சரளைக்கல் ஓடுபாதை ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி உள்ள ஊரின் விமான நிலையம் முந்நூற்று எழுபது கிலோமீற்றர் தள்ளி. பறப்பு ஒரு மணித்தியாலம். 'ஒரு மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரி' என்கிறது கம்பனியின் பாதுகாப்புப் படிவம். அதைக் காட்டித்தான் முகாமில் தாதி வைக்காமல் விட்டார்கள்.

அந்தச் சமையல் முன்பு என் வேலை. என் முழங்கால் போனதும் அவனைச் சேர்த்துவிட்டவன் நான். அகராதி வைத்து அந்தப் படிவத்தைப் படித்து, "பயப்படாதை, ஒரு மணித்தியாலம்தான்" என்று வசந்திக்குச் சொன்னவனும் நான்.

முதல் தடவை போய் வந்ததும் ஸ்ரௌவ்வில் நகரில் தன் வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, பிளேன் நிக்கிறது எங்கை?"

"ஆஸ்பத்திரி இருக்கிற ஊரிலை."

"அப்ப அது முதல்லை வெறுமையா எங்களிட்டை வரவேணும். பிறகுதான் ஏத்திக்கொண்டு போகும். நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி என்னை அனுப்பிப்போட்டியள்."

வசந்தி சிரித்தாள். "உவர் முட்டை பொரிக்கப் போனவரோ, பிளேன் ஓடப் போனவரோ?"

நான் சிரிக்கவில்லை. பதினொரு வருடம் அங்கே சமைத்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

தமிழ்க் கடை தரும் நாட்காட்டியை அவன் முகாமுக்குக் கொண்டுபோவான். "பிளேன் ராகுகாலத்திலை வெளிக்கிட்டாலும் பரவாயில்லை அண்ணை, சொன்ன நேரத்துக்கு வரட்டும்" என்பான். கிழித்த தாளின் பின்பக்கத்தில் விமானம் வரும் என்று சொன்ன நேரம், வந்த நேரம், பிந்திய காரணம் மூன்றையும் எழுதுவான். பனிமூட்டம், காற்று, விமானியின் வேலைநேரம் முடிந்தது. அந்தத் தாள்களை மேற்பார்வையாளரிடம் காட்டினான். சமையலைப் பார்க்கச் சொன்னாராம்.

கடைசி நாள் காலை ஒன்பதுக்கு நெஞ்சுவலி. உடனே அழைத்திருக்கிறார்கள். ஊரில் காற்று அடங்கி விமானம் கிளம்பப் பகல் ஒன்றரை மணி. இரண்டு மணிக்கு அவன் இறந்தான். கிளம்பியதிலிருந்து, சொன்னபடி ஒரு மணித்தியாலத்தில் விமானம் இறங்கியது.

அவன் பையில் அன்றைய தாள் இருந்தது. அவன் எழுத்து: 'அழைத்தது 9.05. சொன்னது 10.05.' வந்த நேரத்துக்கு விட்ட இடம் வெறுமை.

இப்போது கம்பனி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது, உதவி உரிய நேரத்தில் கிடைத்ததென்று வசந்தி ஒப்பமிடவேண்டுமாம். தாள்கள் எல்லாம் என்னிடம். அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அவைதான்.

கம்பனி படிவத்தைத் திருத்தவேண்டும்: காத்திருப்பு, வரும் பறப்பு, போகும் பறப்பு, மூன்றையும் கூட்டி. முகாமில் தாதி வைக்கவேண்டும். அன்று அவனருகில் நின்றவர்கள் வேலை போய்விடும் என்று பயப்படாமல் பார்த்ததைச் சொல்லவேண்டும். வசந்தி ஒப்பமிடக் கூடாது. நான் தாள்களை அவன் சாவு பற்றிய விசாரணைக்குக் கொண்டுபோகவேண்டும். அதற்கு முன் கடைசித் தாளின் வெறுமையில் 'வந்தது 2.30' என்று என் கையால் எழுதவேண்டும்.