ஒன்பது என்று அழுத்திய வெள்ளிக்கிழமை

தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் என்னால் எச்சிலை விழுங்க முடியாமல் போயிற்று. தொண்டையில் புற்றுநோய். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ராசிபுரத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாள் பேருந்தில் போய்வர வேண்டும். மொத்தம் முப்பத்து மூன்று முறை.

முதல் நாளே மருத்துவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "எக்காரணம் கொண்டும் நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் பலன் குறையும்." அந்த ஒரு வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

என் கைபேசியில் ஒரு செயலியையும் ஏற்றிக் கொடுத்தார்கள். தினமும் மாலை நான்கு மணிக்கு மணி அடித்துக் கேள்வி கேட்கும். வலி எவ்வளவு, பூச்சியத்திலிருந்து பத்துக்குள்? விழுங்க முடிகிறதா? எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? நம் பதிலைச் செவிலியர் அங்கிருந்தே பார்ப்பார்.

நான் ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுதிக் கொடுக்கப்பட்ட குறை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விசாரணை வரும். விசாரணை முடியும்வரை கோப்பு நிற்கும். என் கோப்பு நிற்கக் கூடாது. ஆகவே தினமும் வலி பூச்சியம், சிரமம் இல்லை, தண்ணீர் இரண்டு லிட்டர். இருபது நாள் ஒரே பதில்.

திங்கள்தோறும் எடை பார்ப்பார்கள். அதற்கும் வழி வைத்திருந்தேன். பவர் பேங்க், சாவிக்கொத்து, எஃகு டார்ச், போதாக்குறைக்கு ஜெபமாலை எல்லாம் வேட்டிக்குள் போட்ட அரைக்கால் சட்டைப் பையில். ஜெபமாலையையும் பொய்க்கு உடந்தையாக்கினேன். நேரில் செவிலியர் கவிதா கேட்டபோதும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

என் மனைவி ஆரோக்கியமேரியை ஏமாற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை. அவள் வைக்கிற கஞ்சியைக் கொல்லையில் நந்தியாவட்டைக்கு ஊற்றி வந்தேன்.

"ஏனுங்க, செடி கொழுத்துப் போச்சு, நீங்க இளைச்சுக்கிட்டே போறீங்க. நான் கஞ்சி வெச்சது அதுக்கா?" என்றாள் ஒருநாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். பேசினால் தொண்டை எரியும். அது வசதியாகவும் இருந்தது.

என் ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபத்தேழு வயதுவரை நான் கடவுளிடமும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். "உமது கிருபையால் எல்லாம் நலம், நன்றி." முடிந்தது. ஒரு குறையும் இல்லாத பக்தன்.

சிகிச்சையின் நான்காம் வாரம், வெள்ளிக்கிழமை. அன்று சீக்கிரமே சிகிச்சை முடிந்து திரும்பியிருந்தேன். மேசையில் படுக்க வைத்து வலை போன்ற முகமூடியால் முகத்தை அசையாமல் பொருத்துவார்கள். அன்று அதற்குள் என் தாடை அசைந்தது. மெலிந்துவிட்டேன். அதைப் பொருத்தியவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பைப் பார்த்துப் பயந்துபோனேன்.

மூன்று மணிக்கு ஆரோக்கியமேரி சிலுவைப் பாதை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டாள். நான் ஒரு மூடி தண்ணீரை வாயில் ஊற்றினேன். இறங்கவில்லை. துண்டில் துப்பினேன். முழங்கால் போட முயன்றேன், அதற்கும் தெம்பில்லை. கட்டிலில் கிடந்தபடியே சொன்னேன்: "ஆண்டவரே, வலிக்கிறது. முடியவில்லை. செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சிகிச்சை நிற்காமல் பார்த்துக்கொள்ளும்."

அழுதேன். அலங்காரமான ஜெபம் இல்லை. அவ்வளவுதான் வந்தது.

செயலி மணி அடித்தது. தினமும் நான்கு மணிக்கு அடிப்பதுதான், அதில் அற்புதம் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போதுதான் ஒருவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். அதே வேகத்தில் ஒன்பது என்று அழுத்தினேன். விழுங்க முடியவில்லை. தண்ணீர் இல்லை.

பதினோரு நிமிடத்தில் கைபேசி ஒலித்தது. மனு கொடுத்தால் பதில் வர எத்தனை நாளாகும் என்று அறிந்தவன் நான். பதினோரு நிமிடம்.

"ஐயா, கவிதா பேசறேனுங்க. ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க. கை தவறிப் பட்டுருச்சுங்களா, நெசமாவேங்களா?"

"நெசம்தான்" என்றேன். காற்றுதான் வந்தது.

"இருபது நாளா பூச்சியம் போட்டீங்களே சாமி! நாலாவது வாரத்துல பூச்சியம் போடறவங்க ஒண்ணு மோட்சத்துல இருக்கோணும், இல்லீன்னா பொய் சொல்லோணும்."

"சிகிச்சையை நிறுத்திருவீங்க..."

"அட, சொல்லாம உட்டாத்தானுங்க நிக்கும்! இன்னும் இளைச்சீங்கன்னா முகமூடிக்கு மறுபடி அச்சு எடுக்கோணும். பிளான் புதுசாப் போடோணும். அதுவரைக்கும் மெஷின்ல ஏத்த மாட்டாங்க. இப்பவே கெளம்பி வாங்க. மூக்கு வழியா டியூப் போட்டுக்கலாம். வார்டுல படுத்துக்கிட்டே கதிர்வீச்சுக்குப் போலாமுங்க."

கோயிலிலிருந்து திரும்பிய ஆரோக்கியமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டார்ச் உட்பட. அவள் திட்டவில்லை. பையில் துணி எடுத்து வைத்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள்: "முப்பத்தெட்டு வருசம் உங்ககூட இருக்கறேன். எங்கிட்ட ஒரு நாளாச்சும் வலிக்குதுன்னு சொல்லியிருக்கீங்களா?"

சொன்னதில்லை.

ஒன்பது நாள் வார்டில் கிடந்தேன். குழாய் வழியே கஞ்சி, சொட்டுகளாக வலி மருந்து. திங்கட்கிழமை முகமூடி சரியாகப் பொருந்துகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எல்லைக்குள்தான் இருக்கிறது, அதுவே போதும் என்றார் மருத்துவர். சிகிச்சை ஒரு நாள்கூட நிற்கவில்லை. முப்பத்து மூன்றும் முடிந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் கட்டி தெரியவில்லை. ஆண்டவருக்கு நன்றி. கவிதாவுக்கும் நன்றி, அவர் வேற்று மதத்தவர், ஆண்டவர் அதைப் பற்றி என்னிடம் விசாரிக்கவில்லை.

இது செயலியின் வேலை என்று சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள். செயலி இருபது நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. உண்மையைச் சொல்லும் வாய் எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் கொடுக்கப்பட்டது.

பங்கு மக்களே, உங்களில் யாராவது இப்போது நோயில் இருந்தால், கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. ஆண்டவரிடமும் அப்படியே சொல்லுங்கள். அவர் முகம் சுளிப்பதில்லை.

எனக்கு நாக்கில் ருசி இன்னும் வரவில்லை. களைப்பும் போகவில்லை. பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பீர்கள், நான் மட்டும் உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிற்க முடியவில்லை. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.