ஆளில்லாத ஏணை

போன மாதம் கொழும்பிலிருந்து வந்த என் மகன் ஒரு சின்னப் பொட்டலத்தை என் மடியில் போட்டான். உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும். பிரித்தால் பச்சை நைலோன் துணி வந்துகொண்டே இருக்கிறது. காட்டில் கூடாரம் போடப் போகிறவர்கள் மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிற ஏணையாம். விறாந்தைத் தூணுக்கும் மாமரத்துக்கும் நடுவில் கட்டிவிட்டு, "படுத்துப் பாருங்கப்பா, ஒங்க முதுகுவலிக்கு நல்லது" என்றான். எப்படிப் படுத்தால் சுகமாகத் தூக்கம் வரும் என்று படம் போட்ட தாள் ஒன்றும் கூடவே இருந்தது. நேராகப் படுக்கக் கூடாது, மூலைக்கு மூலை கோணலாகப் படுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பாடத்தை நான் அறுபது வருடத்துக்கு முன்பே படித்தவன். சிரித்து முடித்ததும் அந்தக் காலத்து ஏணை ஒன்று நினைவுக்கு வந்தது. நான் படுக்கவில்லை.

நைலோனுக்கு மணமே இல்லை. எங்கள் ஏணைகள் நனைந்த கான்வஸும் மண்ணெண்ணெயும் கலந்து நாறும். உலக யுத்தம் முடிந்தபோது வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன சரக்கு அது. பல்லேகமைக்கு மேலே, காட்டுக்குள், ஆற்றோரமாக நிலம் அளக்கும் குழு ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வேலை என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு, அளவைச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. மறுமுனையைப் பிடித்தவன் சின்னையா. பலாபத்வலைக்குக் கிட்டிய தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்த பையன், என் வயதுதான், அப்போதே கல்யாணமும் ஆகியிருந்தது. எங்களுக்குச் சோறாக்கிப் போட்டவர் மாத்தளை டவுனைச் சேர்ந்த காதர் நானா. அளவை ஐயா தனிக் கூடாரத்தில் கட்டில் போட்டுப் படுத்தார். எதற்காக அளக்கிறோம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மத்தியானச் சோற்றோடு மூடுபனி இறங்கிவிடும். பத்தடி தள்ளி நட்ட கம்பம் அளவைக் கருவியில் தெரியாது. அப்புறம் தூக்கம்தான். அதுவும் ஆரம்பத்தில் லேசில் வந்துவிடவில்லை. முதல் வாரம் முழுக்க வாழைப்பழம் போல வளைந்து கிடந்து, எழுந்தால் கழுத்து ஒரு பக்கம் இடுப்பு ஒரு பக்கம் என்று இருந்தோம். ஒரு நாள் சின்னையா கீழ்க் கிராமத்துக்குப் போய்க் கித்துள் பனைக் கள்ளு குடித்துவிட்டு வந்து, ஏணைக்குள் எக்கச்சக்கமாக விழுந்து, விழுந்தபடியே சாயங்காலம் வரை தூங்கினான். தலை ஒரு மூலை, கால் எதிர் மூலை. மறுநாளிலிருந்து எல்லோரும் கோணல்தான். கயிற்றைத் தொய்வாகக் கட்ட வேண்டும், விறைப்பாகக் கட்டினால் கவிழ்த்துவிடும். முதுகுக் குளிருக்கு அரிசிச் சாக்கு. கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றிவிட்டால் எறும்பு வராது. இன்றைக்கும் மண்ணெண்ணெய் மணம் பட்டால் எனக்குக் கொட்டாவி வருகிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். என் ஏணைக்கும் சின்னையாவின் ஏணைக்கும் நடுமரம் ஒன்றுதான். அவன் புரண்டு படுத்தால் அந்த மரம் வழியாக என் கயிறு மெல்ல அதிரும். கண்ணை மூடிக்கொண்டே அவன் தூங்குகிறானா, வீட்டை நினைத்துக்கொண்டு கிடக்கிறானா என்று சொல்லிவிடுவேன். அவன் மனைவி ராசம்மாவுக்கு அப்போது ஏழு மாதம்.

"இந்த வேல முடிஞ்சதும் ஐயாகிட்டக் கேட்டு இத வாங்கிப்புடணும்டா" என்பான். "புள்ளைக்கு ஏணை கட்டலாம். பட்டாளத்துக்காரன் படுத்தது, அறவே அறாது."

அப்புறம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பேச்சுத் தடுமாறியது. ஐயா சொன்னபடி, அவனை அவனுடைய ஏணையிலேயே கிடத்தி, மூங்கில் கழியில் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோளில் வைத்துப் பல்லேகமைக்கு இறக்கினோம். தோட்டத்தில் நோயாளியையும் கம்பளியில் கட்டித்தான் தூக்குவார்கள், பிணத்தையும் அப்படித்தான். வழியில் எதிர்ப்பட்ட கிராமத்தார் இரண்டில் எது என்று கேட்கவில்லை. ஒதுங்கி நின்று தலைத்துணியை எடுத்தார்கள். உள்ளேயிருந்து சின்னையாவின் குரல் வந்தது.

"நான் உசுரோடதான் இருக்கேன்னு அவங்ககிட்டச் சொல்லுடா."

லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஏணை அரசாங்கத்துச் சாமான் என்பதால் எங்களோடு திரும்பி வந்தது. ஆற்றில் அலசி, பழைய இடத்திலேயே கட்டினேன். மடித்துப் பெட்டியில் வைத்திருக்கலாம். ஆனால் மடித்து வைத்தால் அவன் திரும்பி வரமாட்டான் என்று நாங்களே முடிவு கட்டியது போல இருக்கும். எனக்கு மனம் வரவில்லை.

நான்கைந்து நாள் போயிருக்கும். காற்றே இல்லாத ஒரு மத்தியானம், பனி நன்றாக இறங்கியிருந்தது. என் கயிறு அதிர்ந்தது. அரைத் தூக்கத்தில், 'இவன் இன்னும் தூங்கலையா' என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன். அதன் பிறகுதான் அவன் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவனுடைய ஏணை தொய்ந்து கிடந்தது. நடுவில் அல்ல, மூலைக்கு மூலை, கோணலாக.

நான் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காதர் நானா அகப்பையோடு வந்து, ஏணைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"ஈரத் துணி, தொய்யத்தான் செய்யும். வேற ஒண்டும் இல்ல" என்றார். பிறகு கையைப் பார்த்தார். கை காய்ந்திருந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

என் அம்மா வெறும் ஏணையை ஆட விடமாட்டாள். பிள்ளையைத் தூக்கியதும் அம்மிக் குழவியை எடுத்து அதற்குள் கிடத்திவிடுவாள். ஆளில்லாமல் ஆடினால் வேறு ஏதாவது வந்து படுத்துக்கொள்ளும், அப்புறம் பிள்ளைக்கு அங்கே இடம் இருக்காது என்பாள். அது வரைக்கும் நான் அதையெல்லாம் கேலி பண்ணுகிறவன். அன்று காதர் நானாவின் குழவியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சின்னையாவின் ஏணையில் வைத்தேன். கயிறு அதிர்வது நின்றது.

நானாவின் கோபம்தான் நிற்கவில்லை. "இதெல்லாம் ஹராம் மகன். அதோட, நான் எதால சம்பல் அரைக்கிற? போத்தலாலயா?" என்று கத்தினார். சொன்னபடியே போத்தலை உருட்டித்தான் அரைத்தார். நாங்கள் முழு மிளகாயும் தேங்காய்த் துண்டுமாகத் தின்றோம். ஐயாவுக்கு வயிறு கெட்டுப்போனது. அப்படி இருந்தும் நானா குழவியை எடுக்கவில்லை. ஹராம் என்று சொல்லிக்கொண்டே, அந்த ஏணையைத் தாண்டும்போது ஓரமாகத்தான் போய்வந்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பொறுமை போய், "ஜும்மாவும் இல்ல, ஒழுங்கான சம்பலும் இல்ல" என்று புலம்பியபடி பிஸ்மி சொல்லிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போனார். சமைத்து முடிந்ததும் அவரே கொண்டுவந்து திரும்ப வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

அடுத்த வாரம் சின்னையா வந்துவிட்டான். எலும்பும் தோலுமாக, ஆனால் சொந்தக் காலில் நடந்து வந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிளேன்டீயைக் கையில் கொடுத்து உட்காரவைத்தோம்.

"படுத்துக் கெடந்ததெல்லாம் ஞாபகம் இல்ல" என்றான். "நெஞ்சுல ஒரு பாரம் மட்டும் தெரியும். கல்ல வச்ச மாதிரி. பெரண்டு படுக்கக்கூட முடியல. அப்புறம் ஒரு வெள்ளிக்கெழம மத்தியானம் யாரோ தூக்கிட்டாங்க."

நானும் நானாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறைக்க முடியவில்லை, நடந்ததைச் சொன்னோம். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அந்தப் பக்கத்துக் கட்டில்காரனும் இந்தப் பக்கத்துக் கட்டில்காரனும் எழும்பிப் போயிட்டாங்க, ஒடம்பு மட்டும் கட்டில்ல கெடந்துச்சு. நானும் எழும்பத்தான் பார்த்தேன். கல்லு விடல" என்றான். பிறகு நானாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "ஏன் நானா எடுத்தீங்க? நான் இன்னும் வந்து சேரலியே."

அன்று மத்தியானம் அவன் போய்த் தன் ஏணையில் படுத்தான். நான் என்னுடையதில் படுத்தேன். அவன் ஏறியபோது நடுமரம் அசையவில்லை. கயிறு முனகவில்லை. எட்டிப் பார்த்தேன். சின்னையா கண்ணைத் திறந்தபடி கோணலாகத்தான் கிடந்தான். துணி தொய்யவே இல்லை. வெறும் ஏணை எப்படித் தொங்குமோ அப்படித் தொங்கியது.

"லேசா இருக்குடா" என்றான். "இம்புட்டு லேசா இருக்கக் கூடாது. புள்ளையப் பாக்கணும்டா நான்."

நான் இறங்குவதற்குள் காதர் நானா வந்துவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கையில் கழுவாத குழவி, மிளகாய்ச் சிவப்போடு. அதைச் சின்னையாவின் காலடியில் கிடத்தி, ஏதோ ஓதி ஊதிவிட்டு, "தூங்கு மகன்" என்றார். கொஞ்ச நேரத்தில் கயிறு முனகியது. அவன் புரண்டு படுத்தான், நடுமரம் அதிர்ந்தது. அன்றைக்குத் தூங்கியது போல ஒரு தூக்கம் என் ஆயுளில் அப்புறம் வந்ததில்லை.

நானா அந்தக் குழவியைச் சின்னையாவுக்கே கொடுத்துவிட்டு, நாவுலைக்குப் போய் வேறு வாங்கினார். தொத்துக் காய்ச்சல்காரன் படுத்தது என்று ஐயாவும் ஏணையைச் சின்னையாவுக்கே விட்டுவிட்டார். பெண் குழந்தை பிறந்தது. ஏணைக்குள் முதலில் குழவி, அப்புறம்தான் பிள்ளை. அவன் எடையெல்லாம் திரும்பி நல்ல ஆளாகிவிட்டான்.

பிறகு ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற காலம் வந்தது. உங்களுக்குத் தெரியாததா. லயம் லயமாகக் காலியானது. சின்னையாவின் குடும்பத்துக்கும் நாள் வந்தபோது, பெட்டி தூக்க நான் போயிருந்தேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகும் ஏணை கூரை மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குழவியை எடுத்து அதற்குள் வைத்தான். ராசம்மாவுக்குக் கோபம்.

"அங்க போய் எதால அரைக்கிறது? இந்த மனுசனுக்குப் பைத்தியம்."

"எடம் வெறுமையாக் கெடக்கக் கூடாது" என்றான் அவன். பிறகு என்னிடம், "எடுக்க விட்டுடாதடா" என்றான். நான் தலையாட்டினேன். தலையாட்டத்தானே முடியும்? மாதம் முடிவதற்குள் அந்த அறைக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். கான்வஸ் எங்கே போனதென்று தெரியாது. தோட்டத்துக் கங்காணி, "ஒங்க ஆளு விட்டுட்டுப் போனது" என்று குழவியை மட்டும் என் கையில் கொடுத்தார். அக்கரையிலிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை. லேசாகிப் போயிருப்பானோ என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

இப்போது அந்த லயம் இல்லை. காதர் நானா இல்லை. நாங்கள் அளந்த இடமெல்லாம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. அந்த நடுமரம் தண்ணீருக்கடியில் நிற்கிறதோ, வெட்டிவிட்டார்களோ.

நேற்று மத்தியானம் மகன் டவுனுக்குப் போயிருந்தான். விறாந்தைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பச்சை ஏணை காற்றில்லாமல் ஆடியது. குசினிக் கதவுக்குப் பின்னால், இத்தனை வருடமாகச் சும்மா கிடந்த குழவியைக் கொண்டுவந்து மெதுவாக அதற்குள் கிடத்தினேன். கயிறு முனகியது. திரும்ப வந்து தூணில் சாய்ந்தேன். கண் செருகிக்கொண்டு போன நேரத்தில் முதுகில் தூண் மெல்ல அதிர்ந்தது, அவன் புரண்டு படுக்கும்போது அதிர்கிற மாதிரியே. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.