போல்டு எழுத்தில் இருந்தால் வேலை பாக்கி

1. நாலு நாள் பழைய மெயில்

“மேடம், கட்டிங்கை நிறுத்துங்கன்னு பையர் மெயில் போட்டு நாலு நாள் ஆச்சு. நீங்க இன்னும் வெட்டிக்கிட்டே இருக்கீங்களாமே?”

எங்கள் ஏஜென்ட் சென்னையிலிருந்து போனில் கேட்டார். பையர் என்றால் எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் எக்ஸ்போர்ட் ஆபீசில் இருந்தேன். போக வர வேண்டிய எல்லா மெயிலும் என் பொறுப்பு.

“அப்படி ஒரு மெயில் வரவே இல்லை சார்” என்று அடித்துச் சொன்னேன். மெயில் விஷயத்தில் இந்த எஸ்தரை யாரும் குறை சொல்ல முடியாது என்ற திமிர் எனக்கு உண்டு.

“வந்திருக்கு மேடம். காப்பி எனக்கும் வந்திருக்கு” என்றார்.

தேடினேன். இருந்தது. பழுப்புத் தோலின் ஷேடு சரியில்லை, புது சாம்பிள் பார்த்து ஓகே சொல்லும்வரை வெட்ட வேண்டாம் என்று அமெரிக்கப் பையர் நாலு வரி எழுதியிருந்தார். அதை யாரோ திறந்து பார்த்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை.

கட்டிங் செக்‌ஷனுக்கு ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், ஐம்பத்து மூன்று வயதில், சர்க்கரையை வைத்துக்கொண்டு. கட்டிங் மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா, இப்ப வந்து நிறுத்துங்குறீங்க? முக்கால்வாசி முடிஞ்சுபோச்சு. துணியா இருந்தாலாவது ஒட்டுப் போடலாம். இது தோலும்மா.”

2. எங்கள் சட்டம்

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸ் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது.

எக்ஸ்போர்ட் ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான், இன்னொன்றில் குமரன். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்துக்காரன், விவசாயக் குடும்பம், எம்.காம். பன்னிரண்டு வருஷமாக என் பக்கத்து சீட். ஐரோப்பா ஆர்டர்களை நான் பார்ப்பேன், அமெரிக்கா ஆர்டர்களை அவன் பார்ப்பான். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே மெயில் பெட்டிதான். அவன் ஒன்றைப் படித்தால் என் ஸ்கிரீனிலும் அது படித்ததாக மாறிவிடும்.

படிக்காத மெயில் போல்டு எழுத்தில் இருக்கும், படித்தது சாதாரண எழுத்துக்கு இறங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அதை வைத்து ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஒரு மெயிலைப் படித்தாலும் அதிலுள்ள வேலை முடியாவிட்டால், ரைட் கிளிக் செய்து அதை மறுபடி ‘படிக்காதது’ ஆக்கிவிட வேண்டும். போல்டு எழுத்தில் இருந்தால் வேலை பாக்கி. வேலை முடிந்தபின் பையர் பெயர் போட்ட ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

அதோடு விட்டேனா? பெட்டி சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று, போல்டில் உள்ளவற்றை மட்டும் காட்டும்படி இரண்டு மெஷினிலும் பில்டர் போட்டு வைத்தேன். தினமும் சாயங்காலம் பெட்டி காலியாகத் தெரியும்போது, கூட்டிக் கழுவிய சமையலறையைப் பார்ப்பதுபோல ஒரு நிம்மதி வரும். ஆடிட்டுக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

இப்போது பில்டரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். வேலை முடியாமலே, எந்த ஃபோல்டருக்கும் போகாமல், சாதாரண எழுத்துக்கு இறங்கிய மெயில்கள் ஒன்பது இருந்தன. ஒன்பதும் அமெரிக்காவிலிருந்து வந்தவை.

3. சாவி

எங்கள் முதலாளியைப் பெரிய சார் என்போம். எழுபது வயது. அப்பா காலத்துத் தோல் வியாபாரத்தை ஷூ கம்பெனியாக வளர்த்தவர். விஷயத்தைக் கேட்டதும் என்னையும் குமரனையும் அறைக்குக் கூப்பிட்டார். அமெரிக்கப் பையர் வேறு கம்பெனிகளிடமும் விலை கேட்கிறார் என்று அந்த மாதம் ஒரு பேச்சு இருந்தது. அந்த எரிச்சல் வேறு.

“ஆபீஸ் சாவி அவன்கிட்ட. காலையில மொதல்ல வர்றவன் அவன். அமெரிக்கா ஆர்டரும் அவன் பாக்குறதுதான். அவன் தொறக்காம வேற யாரும்மா தொறப்பா?” கேள்வி என்னிடம், பார்வை அவனிடம். “படிச்சுட்டு மறைச்சிருக்கான். வேற எவனுக்காவது காட்டுறானோ இன்னாவோ.”

குமரனுக்கு முகம் கறுத்துவிட்டது. “மறதிக்காரன்னு சொல்லுங்க சார், ஒத்துக்கறேன். மறைச்சேன்னு சொல்லாதீங்க. நான் அந்த மெயிலப் பாக்கவே இல்ல.”

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்பது மெயில் தானாகவா திறந்துகொண்டது என்று மனசின் ஒரு மூலை கேட்டது. அந்த மூலையை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் சாவியை என் மேஜையில் வைத்தான். “நாளைக்கு நீங்களே வந்து தொறங்க மேடம். நான் வெளிய நிக்கிறேன்.”

மறுநாள் ஏழரைக்கே போய்விட்டேன். அவன் எனக்கு முன்னால் வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். பூட்டைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, பில்டர் இல்லாமல் மெயிலைப் பார்த்தேன். விடியற்காலை நாலு மணிக்கு வந்த அமெரிக்க மெயில் ஒன்று, யாரோ படித்த எழுத்தில் இருந்தது. சாவி ராத்திரி முழுக்க என் கைப்பையில் இருந்தது.

எனக்குப் பாரம் இறங்கியது. பெரிய சாருக்கு இறங்கவில்லை. “சாவி இல்லாட்டி இன்னா? பாஸ்வேர்டு தெரியுமே. வீட்டுலேருந்து பாத்திருப்பான். மொதல்ல அத மாத்துங்க. இனிமே அவன் கம்ப்யூட்டரத் தொடக் கூடாது.”

மாற்றினேன். புது பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். குமரன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டான்.

“வேல போனா போவுது மேடம். எங்க ஊர்ல வேர்க்கடல போட்டுப் பொழச்சுக்குவேன். ஆனா நாளைக்கு எந்தக் கம்பெனியில கேட்டாலும், அங்க மெயில் திருடினவன்தானேன்னு சொல்லுவாங்க இல்ல?”

ஆம்பூர் சின்ன ஊர். ஒரு கம்பெனியில் விழுந்த பேர் சாயங்காலத்துக்குள் எல்லாக் கம்பெனிக்கும் போய்விடும்.

4. ஆறு மணி போன்

மறுநாள் காலை ஆறு மணிக்கு, மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது, போன் அடித்தது. பெரிய சார்.

“எஸ்தர், பேஜாரா இருக்கும்மா. என் போன்ல மெயில் வரமாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்பு, பாஸ்வேர்டு தப்புங்குது.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். “உங்க போன்லயா சார்? எந்த மெயில் சார்?”

“நம்ம கம்பெனி மெயில்தாம்மா. மாப்பிள்ள போன மாசம் துபாய்லேருந்து புது போன் கொண்டாந்தாரே, அதுல போட்டுக் குடுத்தார். விடியக்காலையில ஃபஜர் தொழுதுட்டு வந்து தினம் பாப்பேன்.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுதான். அமெரிக்காக்காரர்கள் வேலை முடித்து எழுதுவது நமக்கு விடியற்காலை. அது பெரிய சார் போன் பார்க்கும் நேரம். ஐரோப்பா மெயில்கள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும். அப்போது அவர் போனைக் காரில் போட்டுவிட்டு பேக்டரிக்குள் சுற்றிக்கொண்டிருப்பார்.

முதலாளியிடம் ‘அந்தத் திருடன் நீங்கள்தான்’ என்று எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்கத் தெரியாததால் நேராகவே சொல்லிவிட்டேன். ஒரே பெட்டி சார், நீங்கள் போனில் திறந்தால் ஆபீசிலும் படித்ததாகிவிடும், எங்கள் பில்டர் அதை மறைத்துவிடும், குமரன் கண்ணுக்கு அது வரவே வராது என்றேன்.

அடுத்ததையும் கேட்டுவிட்டேன்.

“கட்டிங் நிறுத்தச் சொன்னதப் படிச்சீங்களா சார்?”

“படிக்கலம்மா.” குரல் இறங்கியிருந்தது. “அந்த நேரம் கண்ணாடி போட மாட்டேன். தொறப்பேன், பேரு மட்டும் தெரியும். இன்னிக்கும் எழுதியிருக்கான், நம்மள மறக்கலன்னு ஒரு சந்தோஷம். மூடிடுவேன். நடுவுல ரெண்டு வருஷம் ஒருத்தனும் எழுதாம கெடந்தோமே, ஞாபகம் இருக்கா?”

எனக்கு இருந்தது. அந்த இரண்டு வருஷமும் ஒரு ஆளைக்கூட அவர் நிறுத்தவில்லை என்பதும் ஞாபகம் இருந்தது. வந்த கோபம் பாதியில் கரைந்துவிட்டது. மீதிப் பாதியைக் குமரனுக்காக வைத்திருந்தேன்.

“குமரன் எந்த பஸ்ல வருவான்?” என்றார்.

“வர மாட்டான் சார்.”

பத்தரை மணிக்குப் பெரிய சாரின் கார் வந்தது. முன் சீட்டில் குமரன். பின் சீட்டில் ஒரு மூட்டை வேர்க்கடலை, குமரனின் அம்மா கொடுத்தனுப்பியது. கட்டிங் செக்‌ஷன், பேக்கிங், ஆபீஸ் என்று எல்லாரும் பார்க்கும்படி அவனை அழைத்துக்கொண்டு வந்தார்.

“மெயில நான் தொறந்தேன். பழிய இவன் மேல போட்டேன்” என்றார் எல்லாரிடமும். பிறகு அவன் பக்கம் திரும்பி, “மன்னிச்சுக்கப்பா” என்றார். கட்டிங் மாஸ்டர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டார். குமரன் அழுதுவிட்டான். நானும்தான்.

அன்று முழுக்க உட்கார்ந்து குமரனே ஒரு வழி கண்டுபிடித்தான். வெட்டிய துண்டுகளைச் சின்ன டை, அதாவது தோல் வெட்டும் அச்சு, வைத்து மறுபடி வெட்டி, குழந்தைகள் செருப்பு ஆர்டர் ஒன்றில் போட்டோம். எல்லாம் தேறவில்லை. பாதிக்கு மேல் தேறியது. பையரிடம் நடந்ததை ஒளிக்காமல் எழுதினோம், புது ஷேடுக்குத் தேதி தள்ளிக் கொடுத்தார்.

பெரிய சார் மட்டுமா தப்பு செய்தார்? பில்டர் போட்டது நான். சுத்தமாகத் தெரிவதும் சுத்தமாக இருப்பதும் ஒன்று என்று நம்பியவள் நான். அன்றே அதை எடுத்தேன். அதன்பின் தினமும் காலையில், போல்டோ சாதாரணமோ, நேற்றிலிருந்து வந்த அத்தனையையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்ப்போம். கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். புதிதாக ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: மெயில் பெட்டியை எப்படி வேண்டுமானாலும் அடுக்குங்கள், ஆனால் அதை யார் யார் திறக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரிய சாரிடம் போனில் பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பார்த்தபின் மறுபடி போல்டு ஆக்குவது எப்படி, ஃபோல்டருக்குப் போனதை இன்பாக்ஸுக்குத் திரும்ப எடுப்பது எப்படி என்று காட்டினேன். கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அதன்பின் ஒரு நாளும் தவறியதில்லை.

5. கடைசி மெயில்

போன வருஷம் ரிட்டயர் ஆனேன். கடைசி நாளில், வழக்கப்படி, ஆபீஸ் பெட்டிக்கே விடைபெறும் மெயில் ஒன்று அனுப்பினேன். எந்த ஃபோல்டரில் எது இருக்கிறது என்று ஒரு பட்டியல், எல்லாருக்கும் நன்றி, அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து, மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஆபீசுக்குப் போனேன். என் சீட்டில் குமரன் இருந்தான். எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினான். பழக்க தோஷத்தில் ஸ்கிரீனைப் பார்த்தேன். அன்றைய மெயில்களுக்கெல்லாம் கீழே, ரொம்பக் கீழே, ஒன்று மட்டும் போல்டில் இருந்தது. என்னுடையது.

“இன்னாடா இது, மூணு மாசமா யாரும் படிக்கலையா?”

“நீங்க போன அன்னிக்கே படிச்சு, உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு எடுத்து வச்சேன் மேடம். மறுநாள் காலையில பாத்தா திரும்ப இன்பாக்ஸ்ல போல்டா நிக்குது. மறுபடி எடுத்து வச்சேன். மறுபடியும் வந்து நிக்குது.” சிரித்தான். “அப்புறம் புரிஞ்சுபோச்சு, இது ஃபஜர் முடிஞ்சு நடக்குற வேலைன்னு. விட்டுட்டேன்.”

பெரிய சார் அறையில் இல்லை, டாக்டரைப் பார்க்க வேலூர் போயிருந்தார். பத்திரிகையை அவர் மேஜைமேல் வைத்தேன். பிறகு என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதியதை நானே ஒருமுறை திறந்து படித்தேன். சாதாரண எழுத்துக்கு இறங்கிவிட்டது.

எழுந்திருக்கும் முன் ரைட் கிளிக் செய்து, மறுபடி போல்டு ஆக்கிவிட்டு வந்தேன்.