பாறையில் கிடந்த செதில்

காவிரிக் கரையில் எங்கள் ஊராட்சியின் குடிநீர்க் கிணற்றுக்கு மோட்டார் போடுவது என் வேலை. பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆட்களோடு அதிகம் பேச வேண்டியிராத வேலை என்பதால்தான் பதினெட்டு வருடமாக இதில் இருக்கிறேன். யாரிடமாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்றால் நாலு நாளாவது தள்ளிப்போடுவேன்.

மோட்டார் அறைக்குக் கீழே துவைக்கிற படித்துறை. அதை ஒட்டி ஆற்றுக்குள் நீண்டிருக்கும் ஒரு சப்பைப் பாறை. போன ஐப்பசி வாக்கில் அந்தப் பாறையில் தினமும் காலையில் மீன் செதிலும் முள்ளுமாகக் கிடக்க ஆரம்பித்தது. கவிச்சி தாங்கவில்லை. துவைக்க வரும் பெண்கள் என்னிடம் முறையிட்டார்கள். படித்துறைக்கு மேலே புங்க மரத்தடியில் ஓர் அக்கா மீன் விற்பார். பரிசல்காரர்களிடம் வாங்கி, அங்கேயே ஆய்ந்து கொடுப்பார். அந்தப் பக்கத்தில் மீன் ஆய்கிறவர் அவர் ஒருவர்தான். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. அறைச் சுவரில் ‘பாறையில் மீன் கழுவக் கூடாது’ என்று சுண்ணாம்பால் எழுதி வைத்தேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. துவைக்க வந்தவர்கள் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள்.

அவர் நேராக என்னிடம் வந்தார். “நான் அந்தப் பாறைய மிதிச்சதே இல்லீங்க சாமி.”

“பின்ன மீனே வந்து செதிலக் கழட்டி வெச்சுட்டுப் போச்சாக்கும்?” என்று படியிலிருந்து ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரமே ஊர்க்காரர்கள் அவரைத் தார்ரோட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே நிழல் கிடையாது. மீன் கழுவக் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும். உச்சி வெயிலுக்கு முன்பே மீன் கண் வெளுத்துவிடும். அவர் போன பிறகும் பாறையில் செதில் கிடந்தது. வேண்டுமென்றே வந்து போட்டுவிட்டுப் போகிறாள் என்றார்கள். நானும் நம்பினேன்.

மாசியில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகி, புதுக் கம்பி சுற்ற மோட்டார் நாமக்கல் போயிற்று. ஊருக்கு லாரித் தண்ணீர். கேபிளை யாராவது வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மற்ற நாட்களில் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிடுவேன். அந்த இரைச்சல் இல்லாமல் ஆறு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். மேட்டூரில் தண்ணீரைக் குறைத்திருந்ததால் ஆறு பாறைகளுக்கு இடையே மடு மடுவாகக் கிடந்தது. வெளிச்சம் வர வர, மடுவில் ஒரு தலை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஐந்து. நீர்நாய்கள். பெயர் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

குட்டி தவிர மற்ற நான்கும் வளைந்து நின்று மீனைக் கரைப் பக்கம் ஓட்டின. இது எப்போது நடக்கும் என்று தெரிந்ததுபோலக் கொக்குகள் அங்கே காத்திருந்தன; துள்ளி ஒதுங்கிய பொடி மீன்களைக் கொத்தின. பெரியது ஒரு கெளுத்தியோடு மேலே வந்து, குழந்தை கரும்புத் துண்டைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்து, தலையிலிருந்து கடித்துத் தின்றது. முள் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கரையேறியிருந்த குட்டி திரும்பத் தண்ணீரில் இறங்காமல் முரண்டு பிடித்தது. தாய் அதன் பிடரியைக் கவ்வி உள்ளே இழுத்துப் போட்டது. அது கத்திக்கொண்டே நீந்திவிட்டது.

தெருநாய்கள் இரண்டு தண்ணீர் குடிக்க இறங்கின. நீர்நாய்கள் ஓடிவிடும் என்று நினைத்தேன். குட்டியைப் பின்னால் விட்டுவிட்டு மற்ற நான்கும் நீருக்கு மேலே நெஞ்சு வரைக்கும் எழுந்து சீறின. தெருநாய்கள் வேறு ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோலத் திரும்பி நடந்தன. பெரிய மனிதர்கள் நாலு பேர் முன்னால் ஒரு நாளும் அப்படி நிமிர்ந்து நிற்க முடியாதவன் நான். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஐந்தும் பாறையில் ஏறின. ஒவ்வொன்றாக ஒரே இடத்துக்கு வந்து, பின்கால்களை மாற்றி மாற்றி மிதித்து, வாலைத் தூக்கி, வெளிக்கிருந்துவிட்டுப் போயின. போன பிறகு இறங்கிப் பார்த்தேன். எச்சம் முழுக்கச் செதில், முள், அதே கவிச்சி. முதலில் சிரிப்பு வந்தது. அக்காவின் முகம் ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பரிசல்காரர்கள் காதுக்குப் போகும். வலையை அறுக்கிறது இதுதான் என்று கொன்றுவிட்டால்? சொல்லாவிட்டால் அக்கா வெயிலில் கிடப்பார். நான்காம் நாள் தார்ரோட்டுக்குப் போய், பாதி வாயில் விழுங்கியபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். “அப்ப, ஆத்துநாய் பேண்டதுக்கா என்னய இத்தன நாளு வெயில்ல போட்டுக் காய வெச்சீங்க?”

“ஆமாங்கக்கா.”

“அங்க வந்து சொல்லுங்க. எல்லாத்து முன்னாலயும்.”

“பரிசக்காரங்களுக்குத் தெரிஞ்சா அதுகள அடிச்சுப் போடுவாங்கன்னு பயமா இருக்குதுங்க.”

“ஏஞ்சாமி, தெனமும் ஆத்துலயே கெடக்கறவிங்களுக்கு வல அறுக்கறது யாருன்னு தெரியாதாக்கும்? வைவாங்க, துடுப்பத் தட்டி முடுக்கி வெரட்டுவாங்க, அவ்வளவுதான். தெரியாதது கரைல இருக்கற உங்களுக்குத்தான்.”

என் பயம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அன்றே படித்துறையில் இறங்கி நின்று, துவைக்கிறவர்களிடம் சொன்னேன். சொல்லி முடித்து, ஈரச் சாக்கால் சுவரெழுத்தையும் அழித்தேன்.

“நெசந்தானுங்களா? இல்ல, அக்கா ரெண்டு மீனு சும்மா குடுத்துதுங்களா?” என்றாள் ஒருத்தி.

“நாளைக்கு வெள்ளன வாங்க. காட்டறேன்.”

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நீர்நாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. “ஏனுங்க, உங்க நாயி லீவுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் மோட்டார் திரும்பி வந்து மாட்டியாகிவிட்டது. சத்தம் அவற்றை விரட்டும் என்று விடிந்து வெகுநேரம் கழித்தே போட்டேன். ஊருக்குள் என்னைத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மூன்றே பேர்தான் வந்திருந்தார்கள். மடுவில் விசில் கேட்டது. ஐந்தும் வந்தன, மீன் ஓட்டின, பாறையில் ஏறின, வரிசையாக வாலைத் தூக்கின. கேலி பேசியவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். குட்டி பாறையிலிருந்து வழுக்கி விழுந்தபோது, “ஐயோ, கண்ணு!” என்றாள்.

அக்கா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தலையில் கூடையோடு எங்கள் பின்னால் நின்றிருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இத்தன அழகா இருந்துக்கிட்டு என்னய வெயில்ல உக்கார வெச்சிட்டீங்களே, சாமி,” என்றார் அவற்றிடம். உட்கார வைத்தது அவையல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கேலி பேசியவள் எழுந்து போய்க் கூடைக்குக் கை கொடுத்தாள். இருவருமாகப் புங்க மரத்தடியில் இறக்கினார்கள்.

“என்ன மீனுங்கக்கா?”

“ஜிலேபி. பெருசு நாலு கெடக்குது.”

“அரக்கிலோ ஆஞ்சு வெய்யுங்க. தொவச்சுட்டு வாரேன்.”