ஐந்தடிக் கட்டில்

அடுக்குமாடி வீடுகளுக்கு வரைபடம் போடுவதுதான் என் தொழிலாக இருந்தது. விற்பனைக்குக் காட்டும் படத்தில் அறைகளை வெறுமையாக விடமாட்டோம். கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை எல்லாம் போட்டுக் காட்டினால்தான் வாங்குகிறவருக்கு மனம் நிறையும். காட்டுப்பாக்கத்தில் நான் கடைசியாக வரைந்த கட்டடத்தில், பெரிய படுக்கையறைக்கு ஆறேகால் அடிக் கட்டில் போட்டேன். சமையலறைக்குப் பின்னால் வேலை செய்பவருக்கு ஓர் அறை. அதன் நீளமே ஐந்தேகால் அடி. அதே கட்டிலை அங்கே வைத்தபோது சுவரைத் தாண்டி நின்றது. சுவரை நகர்த்தினால் சமையலறை குறையும். கட்டிலை ஐந்தடியாகச் சுருக்கினேன். ஒரு நிமிட வேலை. யாரும் அளந்து பார்க்கவில்லை.

அந்தக் கட்டடத்திலேயே என் மகன் வீடு வாங்கினான். மனைவி இறந்தபின் நானும் அங்கே வந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ளப் பாரிவாக்கத்து அம்மாள் ஒருவர் வந்து தங்கினார். நாற்று நட்ட குடும்பம். வயல்கள் மனைகளான பிறகு வீட்டு வேலை. நல்ல உயரம். மதியம் அந்த அறையில் பாய் விரித்துப் படுத்தாரானால் கதவு திறந்தே இருக்கும். பாதங்கள் இரண்டும் சமையலறைத் தரையில் கிடக்கும். தண்ணீர் எடுக்கப் போகும்போது நான் அவற்றைத் தாண்டிப் போவேன்.

ஒருநாள் கேட்டேன். "ஏம்மா, கதவ சாத்திக்கிட்டு படுக்கக் கூடாதா?"

"சாத்துனா கால எங்க வெக்கறது நைனா? கயட்டி ஆணில மாட்டவா?" என்று சிரித்தார். "இந்த ரூம போட்டவன் குள்ளனா இருப்பான்!"

நானும் சிரித்துவைத்தேன்.

அன்று மாலை மகனிடம், அந்தச் சுவரை ஓரடி தள்ளிக் கட்டலாமே என்றேன். அவன் வீட்டுப் பத்திரங்களோடு இருந்த படத்தை எடுத்து மேசைமேல் விரித்தான்.

"கட்டிலே போட எடம் இருக்கேப்பா. நீங்க போட்ட பிளான்தானே இது? அவங்க கோணலா படுக்கறாங்க போல."

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"நீயா போட்ட நைனா? ஐயே, தெரியாம சொல்ட்டேன். மன்சுல வெச்சுக்காத."

அந்தக் கட்டில் பொய் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. மகன் பார்த்துக்கொண்டிருந்தான். "பரவால்லம்மா" என்றேன். மன்னிக்கிறவனைப் போல.

மறுநாள் மதியம் தண்ணீர் எடுக்கப் போனேன். தாண்டுவதற்கு எதுவும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.