மடியில் வந்த வீடு

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்களில் ஒன்று. மஸ்கெலியா பஜாருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அங்கிருந்தபடியே, கட்டட வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரருக்குப் பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது, ஹட்டனில் ஒரு கடையில் பழைய சாமான்களைப் பொருத்தி மலிவாகக் கொடுத்த கம்பியூட்டர். பிளான் வரையும் புரோகிராம் அதற்குப் பெரிய சுமைதான். இருந்தாலும் முக்கி முனகி இழுத்துக்கொண்டு போனது.

அந்த மழைக்காலத்தில் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மண் சரிந்து, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயமே போய்விட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அத்தனை குடும்பங்களும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாயோடு பாய் ஒட்டிப் படுத்திருந்தார்கள். அவர்களுக்குத் தனித்தனி வீடு கட்டித்தர ஓர் உதவி நிறுவனம் முன்வந்தது. பிளான் வரையும் வேலை என்னிடம் வந்தது. திங்கட்கிழமை எஞ்சினியர் வரும்போது பிளான் கையில் இல்லாவிட்டால் இந்த வருஷம் வீடு கிடையாது என்று கொந்தராத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பியூட்டர் மக்கர் செய்தது. ஒரேயடியாக நின்றிருந்தாலாவது பழுது என்று ஒத்துக்கொண்டிருப்பேன். இது நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. ஒரு சுவரை நகர்த்தச் சொன்னால் அது நகர்ந்து முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். முன்பக்கச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. உள்ளே எலி கொறிக்கிற மாதிரி ஒரு சத்தம். பாட்டு, படம், விளையாட்டு எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தேன். பிளானைத் துண்டு துண்டாகப் பிரித்து வரைந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். கடையில் இருந்த சிங்களத் தம்பி நன்றாகத் தமிழ் பேசுவார், கைசுத்தமான வேலைக்காரர். பெட்டியைக் கண்டதும் மூடியைக் கழற்றி, தூசி தட்டி, மெமரி அட்டைகள் இரண்டையும் உருவி அழிறப்பரால் துடைத்துத் திரும்பச் செருகிவிட்டுத்தான் சுவிட்சையே போடுவார். போட்டார். சுவர் சொன்னபடி நகர்ந்தது.

“ஒரு பிழையும் இல்லயே மிஸ்” என்றார்.

சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், பழைய கதை. மறுபடி ஹட்டன். அங்கே பறக்கிறது. மறுபடி வீடு. இங்கே நொண்டுகிறது. எனக்குத் தலை சுற்றியது. கரண்ட் குறைவோ என்று பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்தேன். பனிக்குளிரோ என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். ஹட்டனில் மட்டும் வெயிலா கொளுத்துகிறது என்று பிறகுதான் உறைத்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா திரையின் மேல் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டார். அம்மாவிடம் கத்தினேன். கம்பியூட்டரிடமும் கத்தினேன். இரண்டாம் தடவை அந்தத் தம்பி என்னைப் பார்த்த பார்வையில், இந்த மிஸ்ஸுக்குக் கம்பியூட்டர் தெரியுமா என்ற சந்தேகம் இருந்தது. கொஞ்ச நேரம் எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மூன்றாம் முறை போனேன். அதே துடைப்பு, அதே பதில். திரும்பும்போது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. முந்திய பயணங்களில் பெட்டியை டிரைவருக்குப் பக்கத்து எஞ்சின் மூடியில் வைத்திருந்தேன். அன்று அங்கேயும் ஆட்கள். நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம்மூர் பஸ்ஸில் வழக்கம்தானே. ஆனால் இந்தப் பெட்டியை யார் வாங்குவார்கள்? ஜன்னலோரம் இருந்த ஒரு கொழுந்து பறிக்கிற அக்கா கை நீட்டினார்.

“குடுங்க தங்கச்சி. இந்தக் கொடையை மட்டும் நீங்க புடிச்சுக்கங்க.”

“பாரமுங்க அக்கா.”

“கொழுந்துக் கூடையை விடவா? என்னா உள்ளுக்கு?”

கம்பியூட்டர் என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை. அந்தப் பெயரே அன்று வெறுத்திருந்தது. “வீட்டு பிளானுங்க. லயம் சரிஞ்சவங்களுக்குக் கட்டப்போற வீடு” என்றேன்.

“எங்க தோட்டத்துக்குங்களா?”

லயம் சரிந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவருடையது வேறு தோட்டம் போலிருக்கிறது. அவர் முகம் ஒரு கணம் ஜன்னல் பக்கம் திரும்பியது. பிறகு, “யாருக்கா இருந்தா என்னா, வீடுதானே” என்று பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். நோர்வூட் தாண்டி வளைவுகளில் பஸ் எல்லோரையும் தூக்கித் தூக்கிப் போட்டது. பெட்டியின் விளிம்பு அவர் முழங்காலில் அழுந்துவது எனக்கே தெரிந்தது. கீழே வைக்கச் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

மஸ்கெலியாவில் இறங்கிப் பெட்டியை என் கையில் கொடுத்தவர், குடையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

“அக்கா, நீங்க இங்கயா எறங்கணும்?”

“இல்லீங்க, இதுக்கு முன்னுக்கு வந்த சந்தியிலதான். அந்த நெரிசல்ல உங்ககிட்ட எப்புடிக் குடுக்குறது? வீட்டை நடுவழியில போட்டுட்டு எறங்க முடியுங்களா?”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பெயர் கேட்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று வீட்டில் கம்பியூட்டர் ஓடியது. ஹட்டனில் ஓடிய அதே வேகத்தில். பயந்து பயந்து வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பிளான் முடிந்தது. எலுமிச்சம்பழத்தின் வேலை என்றார் அம்மா. மறுத்துப் பேச என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

வீடுகள் எழும்பின. சில மாதம் கழித்துக் கொந்தராத்துக்காரரின் புது ஒபிசுக்குக் கம்பியூட்டரைத் த்ரீவீலில் கொண்டுபோனேன். மறுபடி நொண்டியது. இந்தத் தடவை கடையில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தொடாதீங்க, துடைக்காதீங்க. முதல்ல சுவிட்சைப் போட்டுப் பாருங்க” என்றேன். முதல் முறையாக அது அந்தக் கடையிலும் நொண்டியது. தம்பி மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மெமரி அட்டைகளில் ஒன்றைப் பிடித்துவைக்கும் கொக்கி உடைந்திருந்தது. துடைத்துச் செருகினால் உட்காரும். மேசையில் இடிபட்டாலோ பாதையில் குலுங்கினாலோ மேலே கிளம்பிவிடும். மீதிப் பாதி மெமரியோடுதான் அது நொண்டியிருக்கிறது. துடைத்துச் செருகும்போதெல்லாம் அவரே அதைச் சரிசெய்துவிட்டுப் பிழை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போதுதான் புரிந்தது. ஒரே ஒரு பயணத்தில்தான் அந்த அட்டை அசையாமல் வந்திருக்கிறது. கடை வாசலிலேயே நின்று அழுதேன். தம்பி பயந்துபோய், புதுக் கொக்கி போட்டுத் தருவதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு அந்தச் சந்தி வரும்போதெல்லாம் பஸ்ஸில் இருந்து தேடியிருக்கிறேன், ஒருநாளும் அந்த அக்கா கண்ணில் படவில்லை. நான் வரைந்த எத்தனையோ வீடுகள் கட்டியாகிவிட்டன. அந்தச் சந்திக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் தோட்டத்துக்குப் பிளான் வரையும் வேலை மட்டும் இன்றுவரை யாரும் எனக்குத் தரவில்லை.