ட்ரக் தாங்கும் எடை

ஷரீபா கீழக்கரைக்காரி. ராமநாதபுரத்தில் இரண்டு வருடம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவள். கல்யாணமாகி அமெரிக்காவின் சான் ரமோனுக்கு வந்த பிறகு, கணவன் பாசிலின் விசாவை ஒட்டி வந்தவளுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. ஒன்பது வருடமாக, வீட்டுக்கு வருகிற சாமான்களின் கையேடுகளை ஒரு பக்கம் விடாமல் படிப்பது அவள்தான்.

2006 கோடையில் பாசில் ஒரு கேம்பிங் ட்ரெய்லர் வாங்கினான். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே. அவனுடைய பிக்கப் ட்ரக் அதை இழுக்க வேண்டும்.

"மச்சான், டிரைவர் டோர்ல ஸ்டிக்கர் பாத்தீங்களா? ட்ரக் மேல ஆயிரத்து முந்நூறு பவுண்டுதான் ஏத்தலாமாம்."

"நாம எங்க ஏத்துறோம்? இழுக்கத்தானே போறோம். எட்டாயிரம் பவுண்ட் இழுக்கும்னு டீலரே சொன்னான்."

"ட்ரெய்லரோட மூக்கு ட்ரக் மேலதானே உக்காருது? அதுவே எண்ணூத்தம்பது. நாம நாலு பேர் ஏறினாலே லிமிட் தாண்டிடும். அப்புறம் ஜெனரேட்டர், ஐஸ்பாக்ஸ் வேற."

"டீலரை விட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

கிளம்புகிற நாள் காலையில் ட்ரெய்லர் தொட்டியின் தண்ணீரைச் சொல்லாமல் திறந்துவிட்டாள். முந்நூறு பவுண்டாவது குறையும். ஈரத்தைப் பார்த்த பாசில் குழாயை இழுத்து வந்து மறுபடி நிரப்பினான்.

"நான் வரல, மச்சான்."

பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மகள் ஆஃபீஃபா, "கம் ஆன், உம்மா!" என்று கத்தினாள். பக்கத்தில் மகன் உஸைர். ஷரீபா நின்றுவிட்டாலும் பிள்ளைகள் போகத்தான் போகிறார்கள். ஏறிக்கொண்டாள்.

ஆல்டமான்ட் கணவாயில் காற்றாலைகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இறக்கத்தில் ஒரு பெரிய லாரி அவர்களைத் தாண்டியது. ட்ரெய்லரின் பின்பக்கம் மெல்ல ஆடத் தொடங்கி, ஆட்டம் வளர்ந்து ட்ரக்கையே பக்கவாட்டில் இழுத்தது.

"பிரேக் போடாதீங்க! ஆக்ஸிலரேட்டர மட்டும் விடுங்க!"

அவன் பிரேக்கை மிதித்துவிட்டான். ட்ரெய்லர் திரும்பி, ஃப்ரீவே ஓரத்தில் சாய்ந்து விழுந்தது. ட்ரக் குறுக்கே நின்றது. பிள்ளைகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். யாருக்கும் அடியில்லை. உஸைர் மட்டும் அழுகையை நிறுத்தவில்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படித்தார். இதை யாராவது பார்த்தீர்களா என்று இருவரையும் கேட்டார். பாசில் தரையைப் பார்த்தான். பார்த்தேன் என்று சொல்லாமல் ஷரீபா அழுகிற உஸைர் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னால், தெரிந்தே அவன் ஓட்டினான் என்று ஆகிவிடாதா?

அந்த வருடப் பெருநாள் விருந்தில் பாசில் நண்பர்களிடம் கதை சொன்னான். "காத்துன்னா அப்படி ஒரு காத்து! யாரா இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அடுத்த தடவை இன்னும் பெரிய ட்ரக்கா எடுத்துட வேண்டியதுதான்."

ஒரு ஆன்ட்டி ஷரீபா பக்கம் திரும்பினார். "நீ ரொம்ப பயந்துட்டியாம்மா?"

"ஆமா, ஆன்ட்டி" என்றாள்.